போர்தோ: ஊர், மது, மருந்து

போர்தோ, பிரான்சின் தென்மேற்கில் கரோன் ஆற்றங்கரையில் உள்ள துறைமுக நகரம். அதைச் சுற்றி விளையும் திராட்சை மதுவுக்கும் அதுவே பெயர். எழுத்துக்கூட்டிப் படித்தால் 'போர்டியாக்ஸ்' என்று வரும். பிரெஞ்சுக்காரர் வாயில் 'போர்தோ'தான். 'நீரின் கரை' என்ற பொருளில் வந்த பெயர் என்று சிலர் சொல்வது கேட்க அழகு, அவ்வளவுதான். பிரெஞ்சு மொழி பிறக்கும் முன்பே ரோமானியர் இவ்வூரை பூர்திகலா என்றார்கள். அது தேய்ந்துதான் போர்தோ.

கரோன் கடலைச் சேரும் கழிமுகத்தின் இடக்கரைச் சரளை மண்ணில் கபர்னே சோவின்யோன் என்ற திராட்சை வகை, வலக்கரைக் களிமண்ணில் மெர்லோ என்ற வகை. ஒற்றை வகையாக விடாமல் கலந்து புட்டியில் அடைப்பதே இவ்வூர் வழக்கம். 1855 பாரிஸ் கண்காட்சிக்காகப் போட்ட மதுத் தரவரிசையை இன்னும் கட்டிக்காக்கிறார்கள்.

ஆங்கிலேயர் இவ்வூர்ச் சிவப்பு மதுவை 'கிளாரெட்' என்பார்கள். 1152இல், போர்தோ அடங்கிய அக்கித்தேன் சீமைக்கு உரியவளான எலியனோர், பின்னாளில் இங்கிலாந்து மன்னனான ஹென்றியை மணந்தாள். அதன்பின் மூன்று நூற்றாண்டுகள் போர்தோ மது கப்பல் கப்பலாக இங்கிலாந்து போனது. அன்றைய மது இன்றுபோல் கருஞ்சிவப்பு அல்ல, வெளிர்சிவப்பு. அதனால் பிரெஞ்சில் 'கிளேரே', தெளிவானது. நம் 'தேறல்' என்ற சொல்லும் தேறுதல், அதாவது தெளிதல், தந்ததே. யவனர் கொண்டுவந்த மதுவைப் புறநானூறும் தேறல் என்றே சொல்கிறது. (அது போர்தோ சரக்கு என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்.) ஆகவே எழுத்தில் 'போர்தோத் தேறல்' எனலாம், பேச்சுக்குத் திராட்சை மது போதும். 'திராட்சை ரசம்' விவிலிய வழக்கு. பழச்சாறோ என்று மயங்க வைக்கும்.

நம் தோட்டக்காரர்களுக்குத் தெரிந்த பூஞ்சை மருந்தான 'போர்டோ கலவை'யும் இதே ஊர்தான். அங்குள்ள மெதோக் பகுதியில், வழிப்போக்கர் பழம் பறிக்காதிருக்கச் சாலையோரக் கொடிகளில் மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) சுண்ணாம்பும் கரைத்துத் தெளித்து வைத்தார்கள். அடிச்சாம்பல் நோய் பரவியபோது அந்தக் கொடிகள் தப்பின. தாவரவியல் பேராசிரியர் மியார்தே அதைக் கவனித்து, ஆராய்ந்து, 1885இல் மருந்தாக அறிவித்தார். 'போர்டோ கலவை' உழவர் வாயில் ஊறிவிட்ட பெயர். அதை மாற்ற வேண்டியதில்லை.

ஒரு சதவீதக் கலவைக்கு 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். இரும்பு வாளி ஆகாது. பளபளப்பான கத்தியை முக்கி எடுத்துப் பார்க்க வேண்டும்; செம்பு நிறம் படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புப் பால் விட்ட பிறகே செடிக்கு அடிக்கலாம்.