காளானுக்குக் கொஞ்சம் உச்சி வெயில்

"காளானில் வைட்டமின் டி இருக்கிறது என்கிறார்கள். ஆனால் அதை இருட்டறையில்தானே வளர்க்கிறார்கள்? வெயிலே படாத ஒன்றில் வைட்டமின் டி எப்படி வரும்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். சரியான சந்தேகம். கடையில் வாங்கும் காளானில் அது பெரும்பாலும் சொற்பமாகத்தான் இருக்கும். ஆனால் அதை வாங்கி வந்த பிறகு நாமே உண்டாக்கிக்கொள்ள முடியும்.

வளர்ப்பு முறை பலருக்கும் தெரிந்ததுதான். சிப்பிக் காளானுக்கு வைக்கோலைத் துண்டு துண்டாக நறுக்கி, சில மணி நேரம் ஊற வைத்து, வேக வைத்து, ஆற விடுவார்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது, உள்ளங்கை மட்டும் ஈரமாக வேண்டும்; அதுதான் பதம். பிறகு பாலித்தீன் பையில் வைக்கோல் ஒரு அடுக்கு, சோளத்தில் வளர்த்த வித்து ஒரு அடுக்கு என்று மாற்றி மாற்றி நிரப்பிக் கட்டினால் படுக்கை தயார். இருட்டான அறையில் இரண்டு, மூன்று வாரங்களில் வெள்ளை இழைகள் பை முழுக்கப் பரவிவிடும். அப்புறம் ஈரப்பதமும் காற்றோட்டமும் மங்கலான வெளிச்சமும் உள்ள குடிலுக்கு மாற்றினால் மொட்டு விடும். மொட்டு விட்ட மூன்று, நான்கு நாளில் அறுவடை. நம் வெக்கையைத் தாங்கும் பால் காளான் என்றால் படுக்கையின் மேல் வேக வைத்த மண்ணைப் பரப்ப வேண்டும்; அது முப்பது டிகிரிக்கு மேலும் செழித்து வளரும். கோவை வேளாண் பல்கலைக்கழகம் அதை வணிகப் பயிராக்கியது நமக்குக் கிடைத்த பெரிய கொடை.

சத்து விஷயத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காளான் புரதத்தில் இறைச்சிக்கு ஈடு என்று விளம்பரங்களில் எழுதுவது மிகை. பச்சைக் காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். 100 கிராமில் புரதம் ஏறக்குறைய 3 கிராம்தான். கொழுப்பு மிகக் குறைவு என்பதும், நார்ச்சத்து, பொட்டாசியம், பி2, பி3 வைட்டமின்கள் உண்டு என்பதும் உண்மை. காளானின் தனிச்சிறப்பு எர்கோஸ்டிரால் என்ற பொருளில் இருக்கிறது.

நம் உடலின் செல் படலத்தில் கொலஸ்டிரால் செய்கிற வேலையைக் காளான் உள்ளிட்ட பூஞ்சைகளில் செய்வது எர்கோஸ்டிரால். தேமலுக்குப் பூசும் க்ளோட்ரிமசோல் களிம்பு பூஞ்சையை அடக்குவதே இது உருவாகாமல் தடுத்துத்தான். எர்கோஸ்டிராலின் மூலக்கூறில் ஒட்டிக்கொண்ட நான்கு வளையங்கள் உண்டு. அவற்றில் இரண்டாவது வளையத்தில் அடுத்தடுத்து இரண்டு இரட்டைப் பிணைப்புகள். இந்த அமைப்பு சூரிய ஒளியின் புற ஊதா பி கதிரை, அதாவது 280 முதல் 315 நானோமீட்டர் வரையுள்ள அலைகளை, உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சிய ஆற்றலில் அந்த வளையத்தின் ஒரு பிணைப்பு அறுகிறது. கொக்கி கழன்ற சங்கிலி போல வளையம் விரிந்துகொள்கிறது. அடுத்து வெறும் வெதுவெதுப்பிலேயே அது முறுக்கிக்கொண்டு வைட்டமின் டி-யின் ஒரு வகையான டி2 ஆக மாறிவிடும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம், இதற்கு நொதி தேவையில்லை, உயிரும் தேவையில்லை என்பது. ஒளி உடைக்கிறது, சூடு திருப்புகிறது, அவ்வளவுதான். அதனால்தான் பறித்த காளானிலும், நறுக்கிய காளானிலும், ஏன், காய்ந்த காளானிலும்கூட இது நடக்கிறது. நம் தோலிலும் இதே வேதிவினைதான். அங்கே தொடங்கும் பொருள் வேறு, கிடைப்பது இன்னொரு வகையான டி3. எர்கோஸ்டிராலிலிருந்து இந்த வைட்டமின் வருவதைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான ஜெர்மன் வேதியியலாளர் அடால்ஃப் விண்டாஸுக்கு 1928-இல் நோபல் பரிசு கிடைத்தது.

குடிலில் மங்கலான வெளிச்சம் இருக்கிறதே, அது போதாதா என்றால், போதாது. அங்கே மொட்டு விடத் தேவையான வெளிச்சம் உண்டு, புற ஊதா பி கிட்டத்தட்ட இல்லை. கண்ணாடி ஜன்னல் வழியே வரும் வெயிலும் பயன்படாது. கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். இளவெயிலில் நின்றால் வைட்டமின் டி கிடைக்கும் என்று நம் ஊரில் தலைமுறைகளாகச் சொல்வார்கள். அதை நம்பிக் காலை ஏழு மணிக்குக் காளானை மாடியில் வைத்தால் பலன் இருக்காது. சாய்ந்து வரும் ஒளி ஓசோனில் நீண்ட தூரம் கடப்பதால் புற ஊதா பி அங்கேயே வடிகட்டப்பட்டுவிடும். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரம்தான் கணக்கு.

ஆகவே பகல் பதினொன்று முதல் இரண்டு மணிக்குள், சமைக்கப்போகும் காளானைத் தட்டில் பரப்பி, செவுள் பக்கம், அதாவது குடையின் அடியில் மடிப்பு மடிப்பாக இருக்கும் பக்கம், மேலே பார்க்கும்படி கவிழ்த்து வையுங்கள். எர்கோஸ்டிரால் அங்கேதான் அதிகம். மொட்டுக் காளானாக (பட்டன் காளான்) இருந்தால் நறுக்கி வைத்தால் பரப்பு கூடும். பதினைந்து நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை போதும். இப்படி நண்பகல் வெயில் பட்ட மொட்டுக் காளானில் 100 கிராமுக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் டி2 உருவாவதை ஆய்வுகளில் அளந்திருக்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒரு நாளைக்குப் பரிந்துரைப்பது 15 மைக்ரோகிராம். நாள் முழுக்க வெயிலில் போட்டால் இன்னும் கூடும் என்று நினைக்காதீர்கள். ஒளி மிஞ்சினால் உருவானதும் வேறு பொருள்களாகச் சிதையும். சமைக்கும்போது எண்ணெய் கொஞ்சம் இருக்கட்டும், இது கொழுப்பில் கரைவது. ரத்தத்தில் வைட்டமின் அளவை உயர்த்துவதில் டி2 டி3-ஐவிடச் சற்றுப் பின்தங்கியது, ஆகவே குறைபாடு உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

விவசாயிகளே இதைச் செய்து விற்கலாமே என்று தோன்றும். வெயில் பட்டால் காளான் சுண்டி எடை குறையும், நிறமும் மங்கும். எடைக்கு விற்பவர் அந்த நஷ்டத்தை ஏன் ஏற்க வேண்டும்? அதை ஈடுகட்ட, பாக்கெட்டின் மேல் டி2 அளவை அச்சிட்டுக் கூடுதல் விலைக்கு விற்க வழி வேண்டும். அளவை அச்சிட ஆய்வகச் சோதனை வேண்டும், அதற்குச் சிறு வளர்ப்பாளரிடம் பணம் இல்லை. பொதுப்பணத்தை இங்கேதான் செலவழிக்க வேண்டும் என்பது என் கருத்து: நம் சிப்பிக் காளானையும் பால் காளானையும் நம் வெயிலில் மாதவாரியாக வைத்து அளந்து, எத்தனை நிமிடத்தில் எவ்வளவு என்று ஓர் அட்டவணையை வேளாண் பல்கலைக்கழகங்கள் இலவசமாக வெளியிட வேண்டும். அப்படியொரு அட்டவணை இருந்தால், மாடியில் வற்றல் போடும் சுயஉதவிக் குழுக்கள்கூடக் காளான் வற்றலை வைட்டமின் டி உணவாக விற்க முடியும்.