கருக்கலைவு: ‘தவறிய கருக்கலைப்பு’ ஏன் தவறு?

காரைக்குடிப் பக்கத்து மருத்துவமனைத் தாள்களில் ‘தவறிய கருக்கலைப்பு’ என்று அச்சிட்டுக் கொடுக்கிறார்கள். ஆங்கிலத்தில் ‘மிஸ்டு அபார்ஷன்’. கரு வயிற்றுக்குள்ளேயே இறந்துவிட்டது, ஆனால் கருப்பை அதை இன்னும் வெளியேற்றவில்லை என்பது பொருள். தமிழ்த் தாளைப் படிப்பவருக்குக் கிடைப்பதோ வேறு: கலைக்கப் பார்த்தாள், பலிக்கவில்லை. புதுவயலில் ஒரு மாமியார் அதை வாங்கிப் படித்தால் முதலில் வரும் கேள்வி, “ஏத்தா, நீயா கலைச்சே?”

‘அபார்ஷன்’ லத்தீன் வேர். பிறக்காமல் மறைதல் என்று பொருள். தானாக நேர்வதையும் செய்விப்பதையும் அது சேர்த்தே குறித்தது. தானாக நேர்வதற்கு அந்தச் சொல் வேண்டாம் என்று 1985-இல் லான்செட் என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு கடிதம் வந்தபின், ஆங்கில மருத்துவம் மெல்ல ‘மிஸ்கேரேஜ்’ பக்கம் நகர்ந்தது.

நமக்கு அந்தச் சிக்கலே இல்லை. கூட்டம் கலைந்தது, போலீஸ் கூட்டத்தைக் கலைத்தது. முன்னது தன்வினை, பின்னது பிறவினை. அழிவு – அழிப்பு போல, கலைவு – கலைப்பு. ‘கலைஞ்சு போச்சு’ என்று பள்ளிக்கூடம் போகாத ஆச்சிகூடச் சரியாகத்தான் சொல்கிறார். ஒரு ‘ப்’பைச் சேர்த்துப் பழியைப் பெண்மேல் ஏற்றுவது மொழிபெயர்ப்பாளர்தான்.

‘தங்கிய கருச்சிதைவு’ என்று இன்னொரு ஆக்கமும் உலவுகிறது. இந்தப் பக்கத்தில் ‘முழுகாம இருக்கா, கரு தங்கிருச்சு’ என்றால் நல்ல சேதி. ‘தங்கலை’ என்றால்தான் துக்கம். இறந்த கருவைத் ‘தங்கிய’ என்று எழுதினால் பாதி வீடு சந்தோஷப்பட்டுவிடும். ‘சிதைவு’ பரவலான சொல்தான். ஆனால் கரு துண்டு துண்டானதோ என்ற பயத்தைக் கிளப்புகிறது. ‘துடிப்பு நின்ற கரு’ தெளிவாக இருக்கிறது, ஆனால் போதாது: சிலருக்குக் கருவைச் சுற்றிய பை மட்டும் வளரும், கருவே தெரியாது. பிறப்புறுப்பு வழியாகப் பார்க்கும் உள்வழி ஸ்கேனில் கருவின் நீளம் 7 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தும் துடிப்பு இல்லை, அல்லது பையின் சராசரி விட்டம் 25 மி.மீ. ஆகியும் கரு இல்லை என்றால்தான் உறுதி சொல்வார்கள். அதற்குக் குறைவென்றால் குறைந்தது ஒரு வாரம் கழித்து மறு ஸ்கேன். இரண்டு நிலைக்கும் பொருந்துவது ‘வெளியேறாக் கருக்கலைவு’. கலைந்தது, வெளியேறவில்லை, நடந்ததும் அவ்வளவுதான்.

இதைவிடக் கோபம் வருவது, ‘எக்ஸ்பெக்டன்ட் மேனேஜ்மென்ட்’ என்பதை ‘எதிர்பார்ப்பு மேலாண்மை’ என்று எழுதியிருப்பதைப் பார்க்கும்போது. கருவுற்றவளிடம் ‘எதிர்பார்ப்பு’ என்றால் பிள்ளை பிழைக்கும் என்றுதானே எடுத்துக்கொள்வாள்? சொல்ல வந்தது ‘காத்திருந்து பார்த்தல்’: மருந்தும் கருவியும் இல்லாமல், பொதுவாக 7 முதல் 14 நாள் வரை, தானாக வெளியேறுகிறதா என்று பார்ப்பது. ‘பார்த்தல்’ என்ற பாதியை விடக்கூடாது. அடுத்தடுத்து இரண்டு மணி நேரம், மணிக்கு இரண்டு பெரிய நாப்கின் முழுக்க நனைந்தாலோ, 38 டிகிரி செல்சியசுக்கு மேல் காய்ச்சல் வந்தாலோ, நாற்றத்தோடு நீர் கசிந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ‘மேலாண்மை’ இதில் எதைச் சொல்கிறது?

ஆய்வுச் செய்திகளில் கேடு இன்னும் பெரிது. ‘ரேண்டமைஸ்டு’ என்பதைச் ‘சீரற்ற ஆய்வு’ என்கிறார்கள். ஏதோ ஒழுங்கில்லாமல் செய்ததுபோல. உண்மையில் அதுதான் கண்டிப்பான முறை. யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை மருத்துவரும் தேர்வதில்லை, நோயாளியும் தேர்வதில்லை. சீட்டுக் குலுக்கலை அறிந்த ஊருக்குக் ‘குலுக்கல் முறை ஆய்வு’ என்றால் நொடியில் புரியும்.

வெளியேறாக் கருக்கலைவு நேர்ந்த 300 பெண்களிடம் அமெரிக்காவில் நடந்து, 2018-இல் வெளியான ஆய்வு அப்படிப்பட்டது. ஒரு பிரிவுக்கு மிசோப்ரோஸ்டால் என்ற மருந்து 800 மைக்ரோகிராம் மட்டும், பிறப்புறுப்புக்குள் வைக்க. அதாவது 200 மைக்ரோகிராம் மாத்திரை நான்கு. மறு பிரிவுக்கு, அதற்குச் சுமார் 24 மணி நேரம் முன்பு மிஃபெப்ரிஸ்டோன் 200 மி.கி. வாய்வழி. மிஃபெப்ரிஸ்டோன், கருவைத் தாங்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோனைத் தடுத்துக் கருப்பையை இளக்கி வைக்கும், மிசோப்ரோஸ்டால் சுருங்க வைக்கும். முதல் மறுபரிசோதனைக்குள் முழுதும் வெளியேறியது தனி மருந்தில் 67.1 விழுக்காடு, இரட்டை மருந்தில் 83.8. பிறகு கருவியால் உறிஞ்சி எடுக்க வேண்டியிருந்தது தனி மருந்தில் 23.5 விழுக்காடு, இரட்டை மருந்தில் 8.8. இந்த ‘முழு வெளியேற்ற’த்தை ‘வெற்றிகரமான கருக்கலைப்பு’ என்று எழுதுகிறவர், ஏற்கெனவே இறந்த கருவைப் பற்றித்தான் எழுதுகிறோம் என்பதையே மறந்துவிடுகிறார்.