அண்ணீரகம்: அட்ரீனல் சுரப்பிக்கு ஒரு தமிழ்ப் பெயர்

அட்ரீனல் என்பது லத்தீன் வழி வந்த சொல். 'அட்' என்றால் அருகில். 'ரேன்' என்றால் சிறுநீரகம். இந்தச் சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்த பொருளுக்கு 1901இல் ஜப்பானிய வேதியியலாளர் ஜோகிச்சி தகமினே அட்ரீனலின் என்று பெயரிட்டார். அமெரிக்காவில் அது ஒரு மருந்தின் வணிகப் பெயராகிவிட்டதால், அங்கே எபிநெஃப்ரின் என்ற பெயர் நிலைத்தது. அது கிரேக்கச் சொல்: 'எபி' என்றால் மேல், 'நெஃப்ரோஸ்' என்றால் சிறுநீரகம். இரண்டு பெயர்களும் ஒரே பொருளைத்தான் குறிக்கின்றன.

தமிழில் 'சிறுநீரக மேற்சுரப்பி' என்று எழுதுவோர் உண்டு. பொருள் சரிதான். ஆனால் இது சிறுநீரகத்தின் ஓர் உறுப்பு என்று எண்ண இடம் தருகிறது. 'அண்ணீரகம்' அதைவிடப் பொருத்தமானது என்பது என் கருத்து. அண் என்றால் அருகில். அண்மை, அண்டை ஆகிய சொற்களில் இருப்பது அதுதான். தண் + நீர் தண்ணீர் ஆவதைப்போல, அண் + நீரகம் அண்ணீரகம் ஆகிறது. இந்தச் சுரப்பி சுரக்கும் ஹார்மோனுக்கும் தமிழில் 'இயக்குநீர்' என்ற சொல் இருக்கிறது. இலங்கைத் தமிழர் 'ஓமோன்' என்பார்கள்.

பெயர் இடத்தை மட்டும்தான் சொல்கிறது. அந்த இடத்தில் இருப்பவை, ஒரே உறைக்குள் அடங்கிய இரண்டு சுரப்பிகள். வெளிப்பகுதி புறணி, உட்பகுதி அகணி. இரண்டுக்கும் பிறப்பும் வேறு, ஆணை வரும் வழியும் வேறு.

அகணி நரம்பு மண்டலத்தின் வழிவந்தது. அச்சமோ அதிர்ச்சியோ நேர்ந்தால், அவசர வேளையில் உடலை முடுக்கும் பரிவு நரம்புகள் வழியாக நேரடியாக அதற்குச் செய்தி போகிறது. நொடிகளில் அட்ரீனலினும், அதைவிடக் குறைவாக நார்அட்ரீனலினும் இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் வேகமாகவும் வலுவாகவும் துடிக்கிறது, மூச்சுக்குழல்கள் விரிகின்றன, கல்லீரல் சர்க்கரையை வெளிவிடுகிறது, குடலுக்கும் தோலுக்கும் போகும் இரத்தம் குறைகிறது. சில நிமிடங்களில் அட்ரீனலின் சிதைந்துவிடும்.

புறணிக்கு ஆணை இரத்தத்தின் வழியாக வருகிறது. மூளையின் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி, அதன் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, பிட்யூட்டரி ஏசிடிஎச் என்ற இயக்குநீரை அனுப்ப, புறணி கார்டிசோல் என்ற இயக்குநீரைச் சுரக்கிறது. கார்டிசோல் போதிய அளவை எட்டியதும், அதுவே மேலிருக்கும் இரண்டையும் அடக்கிவிடுகிறது. விடியும் வேளையில் இது உச்சத்தில் இருக்கும், நள்ளிரவை ஒட்டி மிகக் குறையும். செல்லுக்குள் நுழைந்து மரபணுக்களின் வேலையையே மாற்றுவதால், இதன் விளைவு மெல்லத் தொடங்கி நெடுநேரம் நிற்கிறது: இரத்தச் சர்க்கரையை உயர்த்துகிறது, அழற்சியைத் தணிக்கிறது.

புறணியின் வெளி அடுக்கு சுரக்கும் ஆல்டோஸ்டீரோன் என்ற இயக்குநீர் தனி வழியில் போகிறது. இரத்த அழுத்தம் குறைந்தால் சிறுநீரகம் ரெனின் என்ற நொதியை வெளிவிடும். அதன் தொடர்ச்சியாகவும், இரத்தத்தில் பொட்டாசியம் கூடினாலும் இது சுரக்கிறது. உடலில் உப்பைத் தக்கவைத்து, பொட்டாசியத்தை வெளியேற்றுகிறது.

இரண்டு சுரப்பிகள் ஏன் ஒட்டியிருக்கின்றன? புறணியிலிருந்து கார்டிசோல் நிறைந்த இரத்தம் அகணிக்குள் பாய்கிறது. நார்அட்ரீனலினை அட்ரீனலினாக மாற்றும் நொதி உருவாக அந்தக் கார்டிசோல் வேண்டும். இந்த உறுப்பில் என்னை மிகவும் வியக்க வைப்பது இதுதான்.

இந்த ஆணைச் சங்கிலி நோயாளிகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். கார்டிசோலைப் போலச் செயல்படும் ஸ்டீராய்டு மாத்திரைகளை வாரக்கணக்கில் உட்கொண்டால், கார்டிசோல் போதிய அளவு இருப்பதாக மூளை எடுத்துக்கொள்ளும். ஏசிடிஎச் குறையும், புறணி சுருங்கும். அந்த நிலையில் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைப்பது, சுருங்கிய புறணி மீண்டும் சுரக்கத் தொடங்க அவகாசம் கொடுக்கத்தான்.