செவிப்பறைக்கு ஒட்டு உள்ளேயா, வெளியேயா?

மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறி, கல்லாறு தாண்டி பர்லியார் வருவதற்குள் காது அடைக்கும். எச்சில் விழுங்கினால் 'டப்' என்று விட்டுவிடும். செவிப்பறையில் ஓட்டை உள்ளவருக்கு அந்தக் காது மட்டும் அடைக்காது. காற்று ஓட்டை வழியே போய்வந்துவிடும்.

செவிப்பறையின் தடிமன் சுமார் 0.1 மில்லிமீட்டர்தான். வெளியே தோல், நடுவில் நார், உள்ளே சளிச்சவ்வு. அடிபட்டுக் கிழிந்த சின்ன ஓட்டை பெரும்பாலும் தானாக மூடிக்கொள்ளும். வருஷக்கணக்காகச் சீழ் வடிந்த காது அப்படியில்லை. அதில் வெளித்தோலும் உட்சவ்வும் ஓட்டையின் விளிம்பில் சந்தித்து ஒட்டிக்கொள்ளும். ஆறுவதற்குப் புண்ணே இருக்காது. அதனால் ஆபரேஷனில் டாக்டர் முதலில் விளிம்பைச் சுரண்டிப் புதுப் புண்ணாக்குகிறார்; பிறகு ஓட்டையை ஒரு மெல்லிய திசுத் துண்டால், அதாவது ஒட்டால், மூடுகிறார். நல்லது செய்ய முதலில் காயப்படுத்த வேண்டியிருப்பது என்னை எப்போதும் வியக்க வைக்கும்.

காதுக்கு மேலே, மெல்லும் தசையைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையிலிருந்துதான் வழக்கமாக ஒட்டு எடுப்பார்கள். பீன்ஸ் கொடிக்கு நடும் குச்சி மாதிரி அது; அதைப் பிடித்துக்கொண்டு நம் செல்கள் படர்ந்து ஓட்டையை மூடும்.

உள்ஒட்டு முறையில் அதைப் பறைக்குப் பின்னால், நடுச்செவிப் பக்கம் வைக்கிறார்கள். கரையும் ஜெலட்டின் பஞ்சு அதைத் தாங்கும். வேலை எளிது, ஆறுவதும் சீக்கிரம். ஆனால் ஓட்டை முன்பக்கம் இருந்தால் அங்கே ஒட்டுக்குப் பிடிமானம் குறைவு. வெளிஒட்டு முறையில் பறையின் தோலை உரித்து, நார் அடுக்கின் மேல் விரிக்கிறார்கள். பெரிய ஓட்டைக்கும் முன்பக்க ஓட்டைக்கும் இது கைகொடுக்கும். ஆனால் கைப்பழக்கம் நிறைய வேண்டும், ஆற நாளாகும். தோல் துணுக்கு அடியில் சிக்கினால் முத்துப்போல் கட்டி வளரலாம். பறையும் காதுக்குழாயும் சேரும் முன்மூலை மழுங்கினாலோ, பறையின் அதிர்வை உள்ளே கடத்தும் சுத்தியல் எலும்பை விட்டு ஒட்டு விலகினாலோ கேட்கும் திறன் குறையும்.

மூன்றாவதாக, காதுமடல் குருத்தெலும்பைச் சீவி வைப்பதும் உண்டு. விறைப்பானது, எளிதில் உள்வாங்காது. மூக்கையும் நடுச்செவியையும் இணைக்கும் குழல் சரியாகத் திறக்காதவர்களுக்கு இதுதான் பொருத்தம் என்பது என் எண்ணம்.

மலைக்காரர்களுக்கு இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. கீழே ஆபரேஷன் முடிந்து குன்னூர் ஏறும்போது நடுச்செவிக் காற்று விரிந்து, குழல் வழியே சுலபமாக வெளியேறும். உள்ஒட்டைப் பறையோடு சேர்த்தே தள்ளும். அப்புறம் காட்டுவதற்காக மறுபடி கீழே இறங்குகிறோமே, அப்போது சுமார் 1,500 மீட்டர் இறக்கத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் கூடிக்கொண்டே போகும். குழல் திறக்காவிட்டால் அது ஒட்டைப் பறையிலிருந்து பிரித்து உள்ளே தள்ளப் பார்க்கும். ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும்போதே, வீடு மலைமேல் என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.