மெரினாவில் கால் நனைக்கும் முன்

மெரினாவில் கடலில் சிக்குபவர்களில் நிறையப் பேர் நீந்தப் போனவர்கள் இல்லை. "சும்மா கால் நனைச்சிட்டு வந்துடறோம்" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனவர்கள். பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டியவர்கள், புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்தவர்கள், கல்லூரி முடிந்து நேராக ரயிலேறி வந்த பிள்ளைகள். மறுநாள் செய்தியில் "ராட்சத அலை இழுத்துச் சென்றது" என்று வரும். உயிர்காப்புப் பணியில் இருப்பவர்களை உறுத்துகிற வாக்கியம் இது. அலை ஆளைக் கீழே தள்ளும். உள்ளே கொண்டுபோவது, அந்த அலை கரையில் கொட்டிய தண்ணீர் திரும்பிப் போகிற வழி. அந்த வழி ராட்சதத்தனமாக இருக்காது, அமைதியாகத்தான் தெரியும். அதனாலேயே ஏமாந்து போகிறோம்.

கரையின் அமைப்பிலிருந்து தொடங்க வேண்டும். மெரினா ஆதியிலேயே இவ்வளவு அகலமாக இருந்த கரை இல்லை. 1870களில் சென்னைத் துறைமுகத்துக்குக் கடலுக்குள் கல் சுவர் கட்டத் தொடங்கிய பிறகு, ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக நகர்ந்துகொண்டிருந்த மணல் அந்தச் சுவரில் முட்டித் தெற்கே தேங்கியது. வடக்கே ராயபுரம், காசிமேடு பக்கம் மணல் வரத்து நின்று, கடல் கரையைத் தின்றது. இப்படித் தேங்கிய மணலின் ஓரத்தில்தான் ஆளுநர் கிராண்ட் டஃப் 1884இல் நடைபாதை போட்டு 'மெரினா' என்று பெயர் வைத்தார். நாம் பெருமையாகச் சொல்லும் அகலம் துறைமுகம் தந்தது.

அந்த அகலத்துக்கு ஒரு விலை இருக்கிறது. காமராஜர் சாலையிலிருந்து அலைவரை பல இடங்களில் 300 மீட்டர் வரும். உதிரி மணலில் நடக்க நாலைந்து நிமிடம் ஆகும். ஆம்புலன்ஸ் சாலையோடு நின்றுவிடும், ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு மணலில் ஓடுவது எளிதில்லை. மூச்சு நின்றவருக்கு நாலைந்து நிமிடத்திலேயே மூளை பாதிக்கப்படத் தொடங்கும். ஆக, முதல் ஐந்து நிமிடம் பக்கத்தில் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையில்தான் இருக்கிறது.

இன்னொன்று சரிவு. சாலையிலிருந்து பார்த்தால் சமதரை மாதிரி இருக்கும் மணல், அலை விளிம்பில் சட்டென்று சரியும். சரிவான கரையில் அலை தூரத்திலேயே உடைந்து களைத்து வருவதில்லை. காலடிக்கு அருகில் வந்து மொத்தமாக உடையும். ஏறின தண்ணீர் அதே வேகத்தில் வழிந்து இறங்கும்போது குதிகாலுக்கு அடியில் உள்ள மணலை அரித்துக்கொண்டு போகும். நின்ற இடத்திலேயே நின்றாலும் ஒரு சாண் பள்ளத்தில் நிற்போம், உடம்பு பின்பக்கம் சாயும். அந்த நேரம் பார்த்து அடுத்த அலை முதுகிலோ இடுப்பிலோ அடித்தால் விழாமல் இருப்பது கடினம். ஒரு கன மீட்டர் கடல்நீர் ஆயிரம் கிலோவுக்கு மேல் எடை. முழங்கால் அளவு தண்ணீர்தானே என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

விழுந்தவர் எழுந்து நிற்பதற்குள் இரண்டாவது அலை வந்துவிட்டால், அவர் சரிவைத் தாண்டி ஆழத்துக்குப் போயிருப்பார். அங்கேதான் இழுப்பு காத்திருக்கிறது.

இழுப்பு எப்படி உண்டாகிறது? அலைகள் தொடர்ந்து கரையில் தண்ணீரைக் கொட்டுகின்றன. அது திரும்பிப் போக இடம் தேடும். நீருக்கடியில் இருக்கும் மணல்திட்டில் எங்கே பள்ளம் இருக்கிறதோ அந்த இடைவெளி வழியாக ஒன்றுகூடி, ஓடைபோலக் கடலை நோக்கிப் பாயும். 10 முதல் 30 மீட்டர் அகலம் இருக்கலாம். வேகம் சாதாரணமாக நொடிக்கு அரை மீட்டர், கடல் கொந்தளிக்கும்போது 2 மீட்டரைத் தொடும். நொடிக்கு 1 மீட்டர் நீந்துவதே நம்மில் பலருக்குச் சிரமம். எதிர்த்து நீந்தி ஜெயிக்க முடியாது என்பது இதிலேயே தெரியும். பள்ளம் இடம் மாறிக்கொண்டே இருப்பதால், போன வாரம் பத்திரமாக இருந்த இடம் இந்த வாரமும் அப்படியே இருக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது.

கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். தண்ணீருக்கு இறங்கும் முன் மேட்டு மணலில் பத்து நிமிடம் உட்காருங்கள். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு பட்டையில் மட்டும் அலை உடையாமல் இருந்தால் அதுதான் வழி. அங்கே தண்ணீரின் நிறம் கருத்தோ, மணல் கலங்கிப் பழுப்பாகவோ தெரியும். நுரை, சிப்ஸ் பாக்கெட், யாரோ கரைத்துவிட்ட பூமாலை எதுவாவது கரைக்கு வராமல் உள்பக்கமாகவே நகர்ந்துகொண்டிருந்தால் சந்தேகமே வேண்டாம். குழந்தைகளைக் கூட்டி வருபவர்கள் "அலை இல்லாத இடமாப் பார்த்து" இறக்குவதைப் பார்க்கும்போது பதறுகிறது. அலை இல்லாத இடம்தான் ஆபத்தான இடம்.

அந்தப் பத்து நிமிடத்தில் இன்னொன்றும் பிடிபடும். அலைகள் ஒரே அளவில் வருவதில்லை. சின்னதாகச் சில வந்தபின் பெரிதாக மூன்று நான்கு சேர்ந்து வரும். ஈரமணல் எதுவரை இருக்கிறதோ அதுவரை கொஞ்ச நேரத்துக்கு முன் ஒரு பெரிய அலை வந்து போயிருக்கிறது என்று பொருள். காய்ந்த மணலில் நிற்பவருக்கு ஆபத்து குறைவு. ஈரக்கோட்டுக்குக் கீழே நின்றால் முகம் எப்போதும் கடலைப் பார்த்திருக்க வேண்டும். கடலுக்கு முதுகு காட்டி செல்ஃபி எடுப்பது கூடவே கூடாது. ஜீன்ஸும் புடவையும் துப்பட்டாவும் நனைந்தால் காலைக் கட்டிப்போட்டதுபோல் ஆகும். ஐந்தாறு பேர் கைகோத்து நிற்பது பாதுகாப்பு என்று தோன்றும், ஆனால் ஒருவர் விழுந்தால் எல்லாரையும் சேர்த்து விழவைப்பது அந்தக் கைகள்தான்.

சிக்கிவிட்டால் என்ன செய்வது

இழுப்பு ஆளைக் கீழே அமுக்காது. மேல்மட்டத்திலேயே உள்ளே கொண்டுபோகும், கொஞ்ச தூரத்தில் தானே பலமிழந்துவிடும். உயிரை எடுப்பது பெரும்பாலும் களைப்பு. கரை கண்ணுக்கெதிரே தெரிவதால் அதை நோக்கியே நேராக நீந்தி, இரண்டு மூன்று நிமிடத்தில் தெம்பு தீர்ந்து, தண்ணீர் குடித்து மூழ்குகிறார்கள். நீச்சல் தெரிந்தவர்களும் இப்படிச் சாவது அதனால்தான்.

நீந்தத் தெரியாதவர் மல்லாந்து படுக்க முயல வேண்டும். மூச்சை இழுத்து நெஞ்சில் வைத்து, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, காதுவரை தண்ணீரில் விட்டுவிட்டால் வாயும் மூக்கும் மேலே நிற்கும். தலையைத் தூக்கிப் பார்க்க முயன்றால் கால் கீழே போய்விடும். முடிந்தபோது ஒரு கையை மட்டும் உயர்த்திக் காட்டுங்கள். இரண்டு கையையும் தூக்கினால் உடம்பு அமிழும். நீந்தத் தெரிந்தவர் கரைக்கு இணையாக, வடக்கோ தெற்கோ, எந்தப் பக்கம் தண்ணீர் தானே தள்ளுகிறதோ அந்தப் பக்கம் முப்பது நாற்பது மீட்டர் நகர வேண்டும். அலை வெள்ளையாக உடையும் இடத்துக்கு வந்ததும் அலையோடு சேர்ந்து சாய்வாகக் கரைக்கு வரலாம்.

கரையில் இருப்பவர்களுக்கு முதலில் தெரிய வேண்டியது, மூழ்குபவர் கத்தமாட்டார் என்பது. வாய் தண்ணீருக்கு மேலே வருகிற நொடியில் மூச்சு வாங்கவே நேரம் போதாது, கூப்பிட எங்கே நேரம்? தலை பின்னால் சாய்ந்து, வாய் திறந்து, உடம்பு செங்குத்தாக நின்று, கைகள் ஏணி ஏறுவதுபோல் தண்ணீரை அமுக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் விளையாடுவதுபோல இருக்கும். கூப்பிட்டுப் பாருங்கள். பதில் வராவிட்டால் ஆபத்து.

பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் ஒரு வெள்ளை வளைவுக் கட்டடம் உண்டு. அதற்கு முன் நின்று படம் எடுக்காதவர்கள் குறைவு. கடலில் சிக்கியவர்களைக் காப்பாற்றப்போய் 1930 டிசம்பர் 30 அன்று அந்த இடத்தருகே மூழ்கி இறந்த ஷ்மிட் என்பவரின் நினைவுச் சின்னம் அது. கல்வெட்டே அதைச் சொல்கிறது. அந்தத் தியாகம் பெரிது. ஆனால் ஒவ்வொரு ஆண்டும் நம் கரைகளில் நண்பனைக் காப்பாற்றக் குதித்தவனும் சேர்ந்து போகிறான். மூழ்குபவர் கைக்கு எது கிடைத்தாலும் பிடித்து அதன்மேல் ஏறப் பார்ப்பார். கிடைப்பது உங்கள் கழுத்தாக இருந்தால் இரண்டு பேரும் போவீர்கள். பயிற்சி இல்லாதவர் இறங்கவே வேண்டாம், மிதக்கும் பொருளை வீசுங்கள்.

அந்தப் பொருள் பத்தடியில் இருக்கிறது. ஒவ்வொரு தள்ளுவண்டிக்கடையிலும் 20 லிட்டர் தண்ணீர் கேன் இருக்கும். தண்ணீரைக் கொட்டிவிட்டு மூடியை இறுக்கினால் அது சுமார் 20 கிலோ எடையைத் தாங்கும். ஒரு ஆளின் தலை தண்ணீருக்கு மேலே நிற்க நாலைந்து கிலோ மிதப்பே போதும். இரண்டு பெரிய காலி பாட்டில்களை மூடி இறுக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாலும் நிற்கலாம். கயிறு கிடைத்தால் கேனின் கழுத்தில் கட்டி வீசுங்கள். வீசுபவர் காய்ந்த மணலில் நிற்கட்டும். ஒருவர் கண்ணை எடுக்காமல் மூழ்குபவர் இருக்கும் திசையை விரலால் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அலைக்கு நடுவே ஒரு தலையை ஒருமுறை தவறவிட்டால் மறுபடி கண்டுபிடிப்பது மிகக் கடினம். நொச்சிக்குப்பம், ஊரூர் குப்பம் பக்கமானால் மீனவர்களைக் கூப்பிடுங்கள். இந்தக் கடலை அவர்களைப் போல் அறிந்தவர்கள் இல்லை.

இன்னொருவர் போன் செய்யட்டும். ஆம்புலன்ஸுக்கு 108, கடலோரக் காவல் குழுமத்துக்கு 1093, போலீஸுக்கு 112. "மெரினா பீச்" என்று மட்டும் சொன்னால் கிலோமீட்டர் கணக்கில் நீண்ட மணலில் எங்கே தேடுவார்கள்? உழைப்பாளர் சிலைக்கு நேரா, கண்ணகி சிலைக்கு நேரா, விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே என்று சொல்லுங்கள். ஒரு ஆளைச் சாலையில் நிறுத்தி வழிகாட்டச் செய்யுங்கள்.

கரைக்குக் கொண்டுவந்த பின்

இங்கேதான் பெரிய தவறுகள் நடக்கின்றன. வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுப்பது, தோளில் போட்டுச் சுற்றுவது, தலைகீழாகத் தூக்குவது, எல்லாமே நேரத்தை வீணாக்கும். வயிற்றை அமுக்கினால் உள்ளே இருப்பது வாந்தியாக வந்து நுரையீரலுக்குள் போகும். உப்பில் புதைத்தால் உயிர் வரும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி முழுப் பொய். மூழ்கியவருக்குக் குறைவது பிராணவாயு. அதைத்தான் முதலில் கொடுக்க வேண்டும்.

உதிரி மணலில் படுக்கவைத்தால் நெஞ்சை அழுத்தும்போது மணல்தான் அமுங்கும். அலை எட்டாத, இறுகிய ஈரமணலில், தலையும் உடம்பும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி, கரைக்கு இணையாகக் கிடத்துங்கள். தட்டிக் கூப்பிடுங்கள். அசைவில்லை, மூச்சு இல்லை அல்லது விட்டுவிட்டுக் கேவுகிறது என்றால், நெற்றியைப் பின்னுக்குச் சாய்த்து, தாடையைத் தூக்கி, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து ஐந்து முறை ஊதுங்கள். ஒவ்வொன்றும் ஒரு நொடி, நெஞ்சு எழும்ப வேண்டும். பிறகு நெஞ்சின் நடுவில் இரண்டு உள்ளங்கையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, முழங்கை மடங்காமல், 5 முதல் 6 சென்டிமீட்டர் இறங்கும்படி 30 முறை அழுத்துங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகம். அடுத்து 2 மூச்சு, மறுபடி 30. அழுத்துபவர் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாற வேண்டும், களைத்த கை ஆழமாக அழுத்தாது. வாயில் நுரை வந்துகொண்டே இருக்கும். அதைத் துடைத்துக்கொண்டு நிற்காதீர்கள். வாந்தி வந்தால் மட்டும் பக்கவாட்டில் புரட்டித் துடைத்துவிட்டுத் தொடருங்கள்.

அறிவிப்புப் பலகைகளைப் பற்றி ஒரு வார்த்தை. மெரினாவில் குளிக்கத் தடை இருக்கிறது, பலகையும் இருக்கிறது, ரோந்தும் இருக்கிறது. காணும் பொங்கலன்று சவுக்குக் கட்டைத் தடுப்பு கட்டுகிறார்கள், பிள்ளைகள் கையில் பெற்றோரின் போன் எண் எழுதிய பட்டை மாட்டுகிறார்கள். நல்ல ஏற்பாடு. மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே பால்பாயிண்ட் பேனாவால் பிள்ளையின் முன்கையில் எண்ணை எழுதிக் கூட்டிவாருங்கள். ஆனால் "குளிக்காதீர்" என்ற பலகை, கால் நனைக்க வந்தவரிடம் பேசுவதே இல்லை. தான் குளிக்கவில்லையே என்று அவர் கடந்து போகிறார். "அலை உடையாத இடத்தில் இறங்காதீர்" என்று படத்தோடு ஒரு பலகையும், பக்கத்திலேயே கயிறு கட்டிய ஒரு மிதவை வளையமும் அலைக்கு அருகில் வைத்தால் அதன் பலன் பல மடங்கு இருக்கும். மாநகராட்சியிடம் கேட்க வேண்டிய முதல் வசதி இதுதான் என்பது என் உறுதியான கருத்து. நீந்தக் கற்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கு மெரினா நீச்சல் குளமும், பெரியமேடு மை லேடி பூங்கா குளமும் இருக்கின்றன. குளத்தில் கற்றது கடலில் முழுதாக உதவாது என்றாலும், மல்லாந்து மிதக்கத் தெரிந்த பிள்ளைக்குப் பிழைக்க வாய்ப்பு அதிகம்.

வெயில் அடிக்கும் நாளில்கூடக் கடல் மோசமாக இருக்கலாம். எங்கோ தொலைவில் எழுந்த பேரலைகள், உள்ளூரில் காற்றே இல்லாதபோதும் கரையில் வந்து ஏறும். மீனவர்கள் கள்ளக்கடல் என்கிறார்கள். 2024 மே மாதம் குமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தது அப்படிப்பட்ட எச்சரிக்கை இருந்த சமயத்தில்தான். ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் இந்த எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. கடற்கரைக்குக் கிளம்பும் முன் வானிலை பார்ப்பதுபோல் இதையும் பாருங்கள்.

கடைசியாக, தண்ணீர் குடித்துப் பிழைத்து எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்ல" என்று சொல்பவரை வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். இருமல் நிற்கவில்லை, மூச்சு வாங்குகிறது, அசாதாரணமாகத் தூக்கம் வருகிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால், மெரினாவிலிருந்து பக்கத்தில் இருக்கும் ராயப்பேட்டை அரசு மருத்துவமனைக்கு நேராகக் கூட்டிப் போங்கள். நுரையீரலில் போன கொஞ்சத் தண்ணீர் அடுத்த சில மணி நேரத்தில் நிலைமையை மோசமாக்கலாம். எதுவும் இல்லாவிட்டாலும் எட்டு மணி நேரமாவது கூடவே ஒருவர் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.