காலண்டர் 9 என்கிறது, படம் 11 என்கிறது

சென்ற மாதம் நாளுக்கு ஒன்றாக எங்கள் வீட்டைப் படம் எடுத்து வைத்தேன். பண்டிகை, விசேஷம் எதுவும் வராத மாதம். 11-ஆம் தேதிப் படத்தில், அடுப்படியில் காபி ஆற்றிக்கொண்டிருக்கும் அம்மாவின் வலக்கை கலங்கலாகவும், பின்சுவரில் தொங்கும் தினசரி காலண்டரின் எண் தெளிவாகவும் விழுந்திருக்கின்றன. அந்த எண் 9. இரண்டு நாட்களாக யாரும் தாளைக் கிழிக்கவில்லை என்பதே படத்தைப் பார்த்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அம்மா காபி ஆற்றுவதை ஆயிரம் முறையாவது பார்த்திருப்பேன். ஆனாலும் அந்தக் குறிப்பிட்ட காலையைப் படம் இல்லாமல் என்னால் நினைவுக்குக் கொண்டுவர முடிந்திருக்காது.

இதற்குக் காரணம் மறதி மட்டுமன்று. ஒரே மாதிரி திரும்பத் திரும்ப நடப்பவற்றை மனம் தனித்தனியாக அடுக்கி வைப்பதில்லை. அவற்றைக் குழைத்து, ‘காலைக் காபி’ என்ற ஒரே பொது வடிவமாக்கிக்கொள்கிறது. அமெரிக்க உளவியலாளர் மரிகோல்ட் லின்டன் 1972 முதல் ஆறு ஆண்டுகள், தம் வாழ்வில் அன்றன்று நடந்தவற்றைச் சிறு அட்டைகளில் எழுதி, மாதந்தோறும் சில அட்டைகளை உருவித் தம்மைத் தாமே சோதித்துக்கொண்டார். அடிக்கடி நடந்த கூட்டங்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டதையும், தம் கையால் எழுதிய சில குறிப்புகள் எதைப் பற்றியவை என்றே பின்னாளில் விளங்காமல் போனதையும் அவர் கண்டார். நெதர்லாந்தின் வில்லெம் வாகெனார் இதே போல ஆறு ஆண்டுகளில் சுமார் 2,400 நிகழ்ச்சிகளை யார், என்ன, எங்கே, எப்போது என்று பிரித்துப் பதிந்து, 1986-இல் முடிவுகளை வெளியிட்டார். ‘என்ன’ என்ற குறிப்பைக் கொடுத்தால் நினைவு எளிதில் திரும்பியது. ‘எப்போது’ என்பதை மட்டும் கொடுத்தால் ஏறக்குறைய ஒன்றுமே வரவில்லை.

போன் கேமரா இதற்கு நேர்மாறாக வேலை செய்கிறது. நடப்பது என்ன என்று அதற்குத் தெரியாது. ஆனால் எப்போது என்பதை நொடிக்கணக்கில் குறித்துவிடுகிறது. ஒவ்வொரு படக்கோப்பின் உள்ளேயும், ஜப்பான் மின்னணுத் தொழில் துறையினர் 1995-இல் வகுத்த எக்ஸிஃப் முறைப்படி, எடுத்த தேதி, நேரம், லென்ஸின் குவியத் தூரம், ஒளியை உள்ளே விட்ட கால அளவு ஆகியவையும், நாம் அனுமதித்திருந்தால் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையும் எழுதப்படுகின்றன. காலண்டர் பொய் சொன்னாலும் கோப்பு 11 என்று சொன்னது இதனால்தான். அம்மாவின் கை கலங்கியதற்கான விளக்கமும் அங்கேயே இருந்தது: மங்கலான அடுப்படியில் போதிய ஒளி சேர்வதற்காக, போன் நொடியில் 20-இல் ஒரு பங்கு நேரம் காத்திருந்திருக்கிறது. கை நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நகர்ந்தால்கூட, அதற்குள் 5 செ.மீ. தாண்டிவிடும், அசையாத காலண்டருக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஒரு எச்சரிக்கை. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இந்த உள்குறிப்புகள் நீங்கிவிடுகின்றன. அப்படி வந்த படத்தின் கோப்புப் பெயரில் ஒரு தேதி இருந்தாலும், அதை எடுத்த நாள் என்று நம்பிவிடக் கூடாது. டாக்குமென்ட்டாக அனுப்பினால் குறிப்புகள் தங்கும்.

படம் எடுப்பதே நினைவைக் கெடுக்கிறது என்றும் ஒரு வாதம் உண்டு. அதற்கு ஆதாரமும் உண்டு. அமெரிக்காவின் ஃபேர்ஃபீல்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிண்டா ஹென்கெல் மாணவர்களை ஓர் அருங்காட்சியகத்தைச் சுற்றிப் பார்க்க வைத்தபோது, வெறுமனே பார்த்த பொருள்களைவிடப் படம் எடுத்த பொருள்கள் மறுநாள் குறைவாகவே அவர்கள் நினைவில் இருந்தன. கேமரா பார்த்துக்கொள்ளும் என்று மனம் பொறுப்பைத் தள்ளிவிடுவதாக இதற்கு விளக்கம் சொல்லப்படுகிறது. ஆனால் பொருளின் ஒரு பகுதியை மட்டும் ஜூம் செய்து எடுத்தவர்களிடம் அந்தக் குறை தென்படவில்லை. எதை எடுப்பது என்று உற்றுத் தேடும் கவனம்தான் நினைவைக் காத்தது போலும். அதனால் ஒரு நாளைக்கு நாற்பது எடுப்பதைவிட ஒன்றே ஒன்று எடுப்பது மேல் என்பது என் கட்சி.

எந்த ஒன்றை என்பதில் நம் கணிப்பு தவறக்கூடும். ஹார்வர்டில் டிங் ஜாங்கும் உடன் ஆய்வாளர்களும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், அன்றாட விஷயங்களை எழுதி வைத்தவர்கள், பின்னாளில் அவற்றைத் திரும்பப் பார்ப்பது எவ்வளவு சுவையாக இருக்கும் என்பதைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். விசேஷ நாளைவிடச் சாதாரண நாளில்தான் இந்தத் தப்புக்கணக்கு பெரிதாக இருந்தது. பிறந்தநாள் கேக்கைப் பத்துப் பேர் எடுப்பார்கள். கிழிக்காத காலண்டரை எடுக்க ஆள் கிடையாது.

வாகெனாரின் நான்கு கேள்விகளில் ‘எப்போது’, ‘எங்கே’ இரண்டையும் கோப்பு பார்த்துக்கொள்ளும். ‘யார்’ என்பது பெரும்பாலும் படத்திலேயே தெரியும். ‘என்ன’ என்பதற்கு மட்டும் நாம்தான் ஒரு வரி எழுதியாக வேண்டும். 11-ஆம் தேதிப் படத்தின் கீழ் நான் எழுதி வைத்திருப்பது: “பால்காரர் வரவில்லை, பாக்கெட் பால் காபி, அம்மா குறை சொல்லிக்கொண்டே ஆற்றினார்.”