காலைக் கை நடுக்கமும் வடம் இழுக்கும் மூளையும்

கடலூர் முதுநகர் டீக்கடையில் விடியற்காலை ஒருவர் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கிறார். குளிரும் இல்லை, காய்ச்சலும் இல்லை. நேற்றிரவு போட்ட குவார்ட்டர் உடம்பிலிருந்து இறங்கிவிட்டது, நடுக்கம் அதனால்தான்.

180 மி.லி. குவார்ட்டரில் 42.8 சதவீதம் ஆல்கஹால், அதாவது எடையில் சுமார் 60 கிராம். கல்லீரல் மணிக்கு ஏறத்தாழ 7 முதல் 10 கிராம்தான் எரிக்கும். மோரோ எலுமிச்சையோ அந்த வேகத்தைக் கூட்டாது. இரவு ஒன்பதுக்குக் குடித்தது தீரும்போது விடிந்துவிடும்.

மூளை செல்களை அடக்கும் வேதிப்பொருள் காபா, கிளப்பிவிடுவது குளூட்டமேட். இரண்டும் எப்போதும் எதிரெதிரே வடம் இழுத்துக்கொண்டிருக்கின்றன. காபா, செல்லில் தனக்கென்று இருக்கும் இடமான ஏற்பியில் உட்கார்ந்தால் குளோரைடு வாசல் திறந்து செல் அமைதியாகும். ஆல்கஹால் அந்த வேலைக்கு வலுச் சேர்க்கிறது. அதோடு குளூட்டமேட்டின் என்எம்டிஏ ஏற்பியையும் முடக்குகிறது. புதிய நினைவு பதிவதற்கு அந்த ஏற்பி வேண்டும். 'நேத்து என்ன பேசினேன்னே தெரியல' என்பது பல நேரம் நடிப்பல்ல, பதிவே ஆகவில்லை.

தினமும் காபா பக்கம் இப்படி ஓர் ஆள் கூடி இழுத்தால் மூளை சும்மா இருக்குமா? காபா ஏற்பிகளை மந்தமாக்கி, என்எம்டிஏ ஏற்பிகளைக் கூட்டி, எதிர்ப்பக்கத்துக்கு ஆள் சேர்க்கிறது. முன்பு கட்டிங்கில் வந்த போதைக்கு இப்போது ஒரு குவார்ட்டர் தேவைப்படுகிறது. அந்தக் கூடுதல் ஆள் திடீரென்று கையை விட்டால் வடம் மொத்தமும் மறுபக்கம் போய்விடும். 6 மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, படபடப்பு. 6 முதல் 48 மணிக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 96 மணிக்குள் சிலருக்கு ஆள் அடையாளம் தெரியாத குழப்பம், இல்லாத பூச்சி தெரிவது, காய்ச்சல். இந்தக் கடைசி நிலை உயிரையே எடுக்கக்கூடியது.

தேர்தலுக்காக மதுக்கடை மூடுவதும் வாக்குப்பதிவு முடியும்வரை 48 மணி நேரம்தான். 2024 ஏப்ரல் 19 அன்று கடலூரிலும் புதுச்சேரியிலும் ஒரே நாளில் வாக்குப்பதிவு. எல்லை தாண்டினாலும் கிடைக்காது. வருடக்கணக்காகத் தினமும் குடிப்பவர் இப்படி ஒரேயடியாக நிறுத்துவது வைராக்கியமாகத் தெரியலாம், உடம்புக்கு அது ஆபத்து. மருத்துவமனையில் டயசெபாம், லோராசெபாம் போன்ற அமைதிப்படுத்தும் மருந்துகளைக் கொடுத்து, காபா பக்கத்தைத் தாங்கிப்பிடித்து, சில நாட்களில் படிப்படியாகக் குறைப்பார்கள். 'ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏத்தினா தெளிஞ்சிடும்' என்று கிளம்புவதும் தவறு. குடிப்பவர் உடம்பில் தயமின் (வைட்டமின் பி1) வறண்டிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால் மிச்சமும் தீர்ந்து, கண் அசைவு தடைபட்டு, நடை தள்ளாடி, புத்தி குழம்பலாம்.

டோபமைன் என்ற இன்னொரு மூளை வேதிப்பொருளைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். நடுக்கத்தில் அதற்குப் பெரிய பங்கில்லை. அதன் வேலை ஏக்கம். ஆல்கஹால், சுகம் தரும் எண்டார்பினை மூளையில் சுரக்கவைக்கிறது, அது டோபமைனைத் தூண்டுகிறது, நாளடைவில் பாட்டிலைப் பார்த்தாலே மனம் இழுக்கிறது. தினம் 50 மி.கி. நால்ட்ரெக்சோன் மாத்திரை எண்டார்பினின் ஏற்பியை அடைப்பதால் குடித்தாலும் பழைய சுகம் வராது. கல்லீரலைப் பரிசோதித்த பிறகே தருவார்கள். மார்ஃபின் வகை வலி மருந்து எடுப்பவருக்குக் கூடாது. கலைந்த குளூட்டமேட்டைச் சமன்படுத்த அகாம்ப்ரோசேட், 333 மி.கி. மாத்திரை இரண்டிரண்டாக மூன்று வேளை. சிறுநீரகம் நன்றாக இருக்கவேண்டும்.

குடியை நிறுத்தவென்று குடிப்பவருக்குத் தெரியாமல் சோற்றில் கலக்கிறார்களே, அந்த 'மருந்து' பெரும்பாலும் டைசல்ஃபிராம். ஏக்கத்தைத் தணிப்பது அதன் வேலையல்ல. ஆல்கஹால் எரியும்போது வரும் அசிட்டால்டிஹைடைத் தேங்கவிட்டு முகச்சிவப்பு, வாந்தி, ரத்த அழுத்த வீழ்ச்சி என்று தண்டிக்கிறது. மாத்திரை உள்ளே இருப்பது தெரியாதவர் வழக்கமான அளவைக் குடித்தால் இதயம் தாங்காமல் போகலாம்.

கடலூர் அரசு மருத்துவமனைக்குப் போனாலும் ஜிப்மருக்குப் போனாலும் மூன்றை மறைக்காமல் சொல்லுங்கள்: கடைசியாகக் குடித்த நேரம், ஒரு நாளைய அளவு, முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா என்பது. டயசெபாம் அளவை டாக்டர் முடிவுசெய்வது இவற்றை வைத்துத்தான்.